பிரிக்கப்படாத கேஸ் கட்டு

நாகர்கோவில் செஷன்ஸ் கோர்ட்டில் ஆயுள் தண்டனை வாசிக்கப்பட்டால், தண்டனை பெற்றவர் பாளையங்கோட்டை மத்திய சிறைக்குப் போய்விடுவார். அவருடைய வழக்கு மதுரைக்குப் போகும். விசாரணையில் அவருக்காக வாதாடிய வக்கீல் நாகர்கோவிலிலேயே இருப்பார். கொஞ்சம் காசுள்ள குடும்பம் என்றால், ஒரு மச்சானோ சித்தப்பாவோ வடசேரியில் பஸ் ஏறி மதுரைக்குப் போய், உயர் நீதிமன்றக் கிளையில் பேர்பெற்ற ஒரு வக்கீலைப் பார்த்து, வக்காலத்தும் முன்பணமும் கொடுத்துவிட்டு வருவார். காசில்லாதவருக்கு ஒரு மனுதான் வழி. சிறைக் கண்காணிப்பாளர் மூலமாக அனுப்பும் ஜெயில் அப்பீல் அது. அந்த மனு மதுரை போய்ச் சேர்ந்ததும், உயர் நீதிமன்றச் சட்டப்பணிகள் குழு தன் பட்டியலிலிருந்து ஒரு வக்கீலை நியமிக்கும். அல்லது நீதிபதியே ஒருவரை அமிகஸாக, அதாவது கோர்ட்டுக்கு உதவும் வக்கீலாக, அமர்த்துவார்.

அந்த வக்கீல் கட்டைப் பிரித்துப் படிக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். நேரில் கண்ட சாட்சிகள் இரண்டு பேர். இருவரும் குறுக்கு விசாரணையில் அசையவில்லை. குற்றவாளி காட்டிய இடத்திலேயே வெட்டுக்கத்தி கைப்பற்றப்பட்டிருக்கிறது. சட்டையில் இருந்த ரத்தம், பிரேதப் பரிசோதனை அறிக்கை, எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. வக்கீல் நேர்மையானவர். இந்த அப்பீலில் மெரிட் இல்லை என்று அவருக்கே தெரிகிறது. அடுத்து அவர் என்ன செய்ய வேண்டும்? பாளையங்கோட்டைக்கு எழுதித் தெரிவிக்க வேண்டுமா? நீதிபதியிடம் சொல்ல வேண்டுமா? இரண்டும் இல்லாமல், வழக்கு வரும் நாளில் எழுந்து நின்று தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு உட்கார்ந்தால் போதுமா? நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதற்குப் பதில் கிடையாது. பதில் இல்லாத இடத்தில், கட்டைப் படித்த வக்கீலுக்கும் படிக்காத வக்கீலுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உள்ளே இருக்கும் ஏழைக்கு அந்த வித்தியாசம்தான் எல்லாமே.

மெரிட் இல்லாத அப்பீல்கள் இருக்கின்றன, நிறையவே இருக்கின்றன. அதை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை. குற்றம் செய்தவர்தான் தண்டிக்கப்பட்டிருக்கிறார், தீர்ப்பு சரியாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது என்ற நிலையில் வரும் அப்பீல்கள் தோற்பது நியாயம். இறந்தவரின் வீட்டாருக்கும் அந்த நியாயம் வேண்டும். நான் கேட்பதெல்லாம், மெரிட் இல்லை என்ற முடிவை யார், எதைப் படித்து, யாரிடம் பேசி எடுத்தார்கள் என்பதுதான்.

தூரம்

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அப்பீல் என்பது எப்போதும் வெளியூர் விஷயம். 1811இல் கர்னல் மன்றோ, இந்தப் பகுதி அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் ஜில்லா கோர்ட்டுகளை ஏற்படுத்தியபோது பத்மநாபபுரத்துக்கும் ஒன்று கிடைத்தது. மேல்முறையீடு என்றால் நெடுங்காலம் திருவனந்தபுரம் போக வேண்டியிருந்தது. நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர்தான். 1956 நவம்பர் 1ஆம் தேதி நாஞ்சில் நாடு உள்ளிட்ட இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அந்த இணைப்புக்கான போராட்டத்தை நடத்திய மார்ஷல் நேசமணியே நாகர்கோவில் பாரில் வக்கீலாக இருந்தவர். தாய்த்தமிழகம் கிடைத்த சந்தோஷத்தோடு கூடவே, அப்பீல் கோர்ட்டு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தள்ளிச் சென்னைக்குப் போனது. 2004 ஜூலை 24 அன்று மதுரைக் கிளை திறக்கப்படும்வரை ஏறக்குறைய நாற்பத்தெட்டு ஆண்டு அதுதான் நிலைமை. இன்று மதுரை சுமார் 240 கிலோமீட்டர். சென்னையோடு ஒப்பிட்டால் பெரிய விடுதலைதான். ஆனாலும் கூலி வேலைக்குப் போகும் ஒரு மனைவிக்கு அது ஒரு நாள் கூலியும் பஸ் காசும் சேர்ந்த செலவு. மதுரை போனாலும் யாரைப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியாது. கோர்ட்டு வைத்த வக்கீலின் பெயர் பாளையங்கோட்டைக்கு எட்டினால்தானே அது தக்கலைக்கோ குளச்சலுக்கோ எட்டும்?

தூரத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. விசாரணையை நடத்திய வக்கீலுக்கு அந்த வழக்கின் நெளிவுசுளிவு தெரியும். எந்தச் சாட்சி தயங்கினார், எந்த மகஜரில் கையெழுத்துப் போட்டவர் பிறகு பிறழ்ந்தார், எந்தக் கேள்வியைக் கேட்க அனுமதி மறுக்கப்பட்டது என்பதெல்லாம் அவர் மனதில் இருக்கும். அப்பீலில் பொதுவாகப் புதுச் சாட்சியம் சொல்ல முடியாது, பதிவில் இருப்பதை வைத்துத்தான் வாதாட வேண்டும். ஆனால் சில நூறு பக்கமுள்ள பதிவில் எந்தப் பக்கத்தைத் திருப்ப வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். 2022இல் தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் கொண்டுவந்த திட்டத்தின்படி, மாவட்ட அளவில் சட்ட உதவிக்கென்றே முழுநேர வக்கீல்கள் நியமிக்கப்படுகிறார்கள். தனி வழக்கு எடுக்காமல், ஏழைகளின் குற்ற வழக்குகளை மட்டும் நடத்துபவர்கள். நல்ல மாற்றம். ஆனால் வழக்கு மதுரைக்கு ஏறும்போது கட்டுதான் ஏறுகிறது, அந்த வக்கீலின் அறிவு ஏறுவதில்லை.

மொழியும் மாறுகிறது. சாட்சிகள் நாகர்கோவிலில் தமிழில் பேசுகிறார்கள், உயர் நீதிமன்றத்தில் அது ஆங்கிலமாகிவிடுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 91.75 சதவீதம். தமிழகத்திலேயே முதலிடம். தன் வழக்கில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று சொந்தக் கையால் தமிழில் எழுதித் தரக்கூடியவர்கள் இந்த மாவட்டத்துக் கைதிகள். அவர்களிடம் அதை எழுதித் தரச் சொல்லிக் கேட்பதற்கு ஆள் வேண்டும்.

தோற்ற வழக்கில் கிடைத்த உரிமை

அப்பீலில் ஏழைக்கு வக்கீல் உண்டு என்ற உரிமை எந்த வழக்கில் பிறந்தது என்று தேடிப் போனால் ஆச்சரியமாக இருக்கிறது. 1978 ஆகஸ்ட் 17 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஹோஸ்கோட் எதிர் மகாராஷ்டிர அரசு வழக்கு அது. அப்பீல் செய்தவர் சௌராஷ்டிரப் பல்கலைக்கழகத்தில் ரீடராக இருந்தவர். போலிப் பட்டச் சான்றிதழ் தயாரிக்க முயன்றதாக வழக்கு. செஷன்ஸ் நீதிபதி, கோர்ட்டு கலையும்வரை காவல், அபராதம் என்று மிக லேசாக விட்டுவிட்டார். 1973இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை மூன்று ஆண்டு கடுங்காவலாக உயர்த்தியது. அந்தத் தீர்ப்பின் நகல் அவர் கைக்குக் கிடைக்கவில்லை. சிறைத் தரப்பு அனுப்பினோம் என்றது, அவர் வாங்கவில்லை என்றார். கையெழுத்து வாங்கிய சீட்டு எதுவும் இல்லை. மூன்று ஆண்டுத் தண்டனையை முழுவதும் அனுபவித்து முடித்த பிறகுதான் அவரால் உச்ச நீதிமன்றத்துக்கு வர முடிந்தது.

நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த மனுவைப் படித்தார், தள்ளுபடி செய்தார். தண்டனையில் தலையிட முகாந்தரம் இல்லை. ஆனால் தள்ளுபடி செய்த அதே தீர்ப்பில் எழுதினார்: தண்டிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பு நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும், சிறையில் கொடுத்தால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும், ஏழை என்றால் அப்பீலுக்கு வக்கீலை அரசு அமர்த்த வேண்டும், இதெல்லாம் தருமமாகச் செய்வதல்ல, அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு கேட்கும் கடமை. தேறாத ஒரு மனுவைப் பொறுமையாகப் படித்ததால் நாட்டில் உள்ள எல்லாக் கைதிகளுக்கும் கிடைத்த உரிமை இது. 'மெரிட் இல்லாத அப்பீலால் கோர்ட்டு நேரம் வீண்' என்று சொல்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான்.

சட்டம் எழுதப்பட்ட பிறகும் காகிதம் தூங்குகிறது. உத்தரப் பிரதேசம் லலித்பூர் மாவட்டத்து இளைஞர் ஒருவர் 2000இல் பாலியல் வன்முறை வழக்கில் கைதாகி ஆயுள் தண்டனை பெற்றார். சிறையிலிருந்து 2005இல் அப்பீல் அனுப்பினார். மனுவில் குறை இருக்கிறது என்று குறிப்பெழுதி வைத்தார்கள். அந்தக் குறையை நிவர்த்தி செய்ய ஆள் இல்லாமல் அது பதினாறு ஆண்டு அலகாபாத்தில் கிடந்தது. கடைசியில் சட்ட உதவி வக்கீல் ஒருவர் எடுத்து நடத்தினார். 2021 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் அவரை நிரபராதி என்று விடுவித்தது. இருபது ஆண்டு போய்விட்டது. அந்த அப்பீலில் மெரிட் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. யாரும் படிக்கவே இல்லை, அவ்வளவுதான்.

கோர்ட்டுக்கு உள்ள கடமை

நீதிபதிகளின் கடமையைப் பற்றிச் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. 1996இல் பானி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதி அமர்வு சொன்னது: ஏற்றுக்கொள்ளப்பட்ட அப்பீலை, வக்கீல் வரவில்லை என்ற காரணத்துக்காகத் தள்ளுபடி செய்யக் கூடாது. பதிவைப் படித்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். 2012இல் ராஜு எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். உயர் நீதிமன்றத்தில் அப்பீல்காரருக்கு வக்கீலே இல்லாமல் வழக்கு முடிந்திருந்தது. சட்ட உதவி வேண்டுமா என்று கேட்பது கோர்ட்டின் பொறுப்பு என்று சொல்லி, மறுபடியும் விசாரிக்கத் திருப்பி அனுப்பினார்கள்.

ஆனால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 425ஆவது பிரிவு (பழைய சட்டத்தில் 384) எனக்குக் கவலை தருகிறது. போதிய முகாந்தரம் இல்லையென்றால் அப்பீலை ஆரம்பத்திலேயே சுருக்கமாகத் தள்ளிவிடலாம் என்கிறது அது. ஜெயில் அப்பீல் என்றால் அப்பீல்காரர் தரப்பைக் கேட்காமல் தள்ளக் கூடாது என்று ஒரு காப்பும் தருகிறது. அந்தக் காப்புக்கு இரண்டு விலக்கு வைத்திருக்கிறது. அப்பீல் அற்பமானது என்று கோர்ட்டு கருதினால் கேட்க வேண்டாம். கைதியைக் கொண்டுவந்து நிறுத்துவது அளவுக்கு மீறிய சிரமம் என்றாலும் கேட்க வேண்டாம். தரப்பைக் கேட்பதற்கு முன்னால் அது அற்பம் என்று எப்படித் தெரியும்? இரண்டாவது விலக்கு போலீஸ் காவலோடு ரயிலில் கைதியைக் கூட்டிவந்த காலத்தில் எழுதியது. பாளையங்கோட்டைச் சிறையையும் மதுரைக் கிளையையும் காணொலி இணைக்கும் இந்தக் காலத்தில் அது எதற்கு?

மெரிட் ஒளிந்திருக்கும் இடங்கள்

அப்பீலில் மெரிட் என்றால் விடுதலை என்று பலர் நினைக்கிறார்கள். வக்கீல்களிலும் சிலர் அப்படித்தான் படிக்கிறார்கள். குற்றம் செய்தது உறுதி என்று தெரிந்ததும் கட்டைக் கட்டி வைத்துவிடுகிறார்கள். உண்மையான வேலை அங்கேதான் ஆரம்பமாகிறது.

நம் பக்கத்துக் கொலை வழக்குகள் பலவற்றின் வேர் என்ன? வேலித் தகராறு, தென்னையின் மட்டை அடுத்தவன் வளாகத்தில் விழுந்த சண்டை, குடித்துவிட்டு வந்த ராத்திரி, அண்ணன் தம்பி சொத்துப் பிரிவினை. வாய்ச்சண்டை முற்றி, கைக்குக் கிடைத்த வெட்டுக்கத்தியால் ஒரே வெட்டு. முன்னேற்பாடு இல்லை, திடீர்ச் சண்டை, கோபத்தின் உச்சம் என்றால் அது கொலை அல்ல, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 302, 304 என்று சொன்னோம். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 103, 105. ஒன்றுக்கு ஆயுள், மற்றதற்கு சில ஆண்டுகளிலேயே வெளியே வரும் தண்டனைகூடக் கிடைக்கலாம். வெட்டியவர் அவர்தான் என்பதில் துளி சந்தேகம் இல்லாத வழக்கிலும், ஒரு மனிதனின் வாழ்நாளில் பாதி இந்த வாதத்தில் தொங்குகிறது. கூடப் போய் நின்ற தம்பிக்கு அண்ணனின் அதே எண்ணம் இருந்ததா என்பது வேறொரு கேள்வி. அதையும் கட்டுக்குள்தான் தேட வேண்டும்.

தண்டனைக் கணக்கே தப்பாக இருக்கலாம். 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு முத்துராமலிங்கம் வழக்கில் தீர்ப்பளித்தது. நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. பல கொலைகளுக்காகப் பல ஆயுள் தண்டனைகள், ஒன்று முடிந்தபின் இன்னொன்று என்று விதிக்கப்பட்டிருந்தது. மனிதனுக்கு ஒரு ஆயுள்தான், ஆயுள் தண்டனைகளை வரிசையாக அடுக்க முடியாது என்றது அமர்வு. குற்றத்தீர்ப்பில் அசைவு இல்லை. ஆனாலும் அப்பீலில் மெரிட் இருந்தது.

வயதை எடுத்துக்கொள்ளுங்கள். குற்றம் நடந்த நாளில் பதினெட்டு நிரம்பவில்லை என்ற வாதத்தை எந்தக் கட்டத்திலும், வழக்கு முடிந்த பிறகும்கூட, எழுப்பலாம். 1994இல் புனேயில் நடந்த கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற ஒருவரின் தண்டனையை 2000இல் உச்ச நீதிமன்றமே உறுதிசெய்தது, மறுசீராய்வையும் தள்ளியது. சம்பவத்தின்போது அவருக்குப் பன்னிரண்டு வயது என்பது ராஜஸ்தானில் ஒரு பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருந்தது. 2023 மார்ச்சில் அதே நீதிமன்றம் அதை ஏற்று அவரை விடுவித்தது. இருபத்தெட்டு ஆண்டு உள்ளே இருந்தார். "பள்ளிக்கூடம் எதில் படித்தாய், எந்த வருஷம் சேர்ந்தாய்" என்று கேட்பதற்குப் பெரிய சட்ட அறிவு தேவையில்லை. எதிரே உட்கார்ந்து பேச வேண்டும், அவ்வளவே.

முகலிவாக்கம்

தமிழ்நாடே கொதித்த ஒரு வழக்கை இங்கே சொல்லாமல் விட முடியாது. 2017இல் சென்னை முகலிவாக்கத்தில் ஒரு சிறுமி கொல்லப்பட்டாள். 2018 பிப்ரவரியில் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு மரண தண்டனை கொடுத்தது, ஜூலையில் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. இந்த அப்பீலில் என்ன மெரிட் இருக்க முடியும் என்றுதான் ஊரெல்லாம் கேட்டிருக்கும். 2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. குற்றச்சாட்டு வனையப்பட்டபோது அவருக்கு வக்கீல் இல்லை. பிறகு கோர்ட்டு அமர்த்திய வக்கீலுக்குத் தயாராகப் போதிய அவகாசம் இல்லை. தண்டனையும் தீர்ப்பு சொன்ன நாளிலேயே அறிவிக்கப்பட்டது. சாட்சியங்களிலும் சங்கிலி அறுந்திருந்தது.

2019இலேயே அனோகிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது: ஆயுளோ மரணமோ விதிக்கக்கூடிய வழக்குகளில் அமிகஸாக வருபவருக்குக் குறைந்தது பத்தாண்டு அனுபவம் வேண்டும், தயாராக ஏழு நாளாவது கொடுக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் அவசரமாக முடித்த விசாரணை யாருக்கு நீதி கொடுத்தது? அந்தச் சிறுமியின் பெற்றோர் எட்டு ஆண்டுக்குப் பிறகு வெறுங்கையோடு நிற்கிறார்கள். எதிரிக்கு நல்ல வக்கீலைக் கொடுப்பது எதிரிக்குச் செய்யும் சலுகை என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. ஊரில் பேசும்போது 'அவனுக்கெல்லாம் எதுக்கு வக்கீலு' என்று சாதாரணமாகச் சொல்கிறோம். இந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு அந்தப் பெற்றோரின் முகம்தான் நினைவில் வந்தது. ஒழுங்காக வாதாடி எதிர்த்து நின்ற ஒரு வக்கீலைத் தாண்டி வந்த தண்டனைதான் மேலே போனாலும் நிற்கும்.

எழுதிச் சொல்லட்டும்

மெரிட் இல்லை என்று வக்கீலுக்கே தோன்றினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அமெரிக்கா 1967இல் ஒரு பதில் தேடியது. கலிபோர்னியாவில் கஞ்சா வழக்கில் தண்டனை பெற்ற ஆண்டர்ஸ் என்பவருக்குக் கோர்ட்டு அமர்த்திய வக்கீல், இதில் மெரிட் இல்லை, நான் வாதுரை தாக்கல் செய்யப் போவதில்லை என்று நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். வேறு வக்கீல் கேட்டும் கிடைக்கவில்லை. ஆண்டர்ஸ் தானே எழுதி அனுப்பினார், தோற்றார். பல ஆண்டு கழித்து அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது: வெறும் கடிதம் போதாது. முழுப் பதிவையும் மனசாட்சியோடு படித்த பிறகே வக்கீல் விலகக் கேட்கலாம். கேட்கும்போது, அப்பீலுக்குச் சாதகமாக வாதிடக்கூடிய ஏதாவது பதிவில் இருந்தால் அதையெல்லாம் எடுத்துக்காட்டி எழுத வேண்டும். அதன் பிரதியைக் கைதிக்குக் கொடுக்க வேண்டும், அவர் தன் பங்குக்குச் சொல்ல அவகாசம் தர வேண்டும். பிறகு கோர்ட்டும் முழுதாகப் படிக்க வேண்டும். 2000இல் அதே நீதிமன்றம், மாநிலங்கள் வேறு முறைகளையும் கையாளலாம் என்று தளர்த்தியது. அந்த முறைக்கு அங்கேயே எதிர்ப்பு உண்டு. தன் கட்சிக்காரருக்கு எதிராக வக்கீலே எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இந்திய பார் கவுன்சில் விதியும், குற்றம் செய்தவரா இல்லையா என்ற தன் சொந்த அபிப்பிராயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு வாதாட வேண்டும் என்றுதான் சொல்கிறது. அதனால் வக்கீல் விலகும் பகுதியை நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம். படித்ததற்குச் சாட்சியாக எழுதித் தரும் பகுதி நமக்கு வேண்டும்.

நம் சட்டத்திலும் மெரிட் பார்க்கும் கதவு ஒன்று இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் பார்க்காமல் உதவி உண்டு என்கிறது 12ஆவது பிரிவில். அடுத்த பிரிவிலேயே, வழக்கில் முதல் பார்வைக்கு முகாந்தரம் இருப்பதாக ஆணையம் திருப்தியடைய வேண்டும் என்றும் சொல்கிறது. ஆயுள் தண்டனைக் கைதியின் முதல் அப்பீலுக்கு அந்தக் கதவை மூடும் அதிகாரம் யாருக்கும் இருக்கக் கூடாது என்பது என் கருத்து. முதல் அப்பீல் உரிமை, கருணை அல்ல.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. மதுரையில் அமர்த்தப்படும் வக்கீல், வாதத்துக்கு முன்னால் பாளையங்கோட்டையில் இருப்பவரோடு ஒரு தடவையாவது காணொலியில் தமிழில் பேச வேண்டும், பேசிய தேதி பதிவில் ஏற வேண்டும். கட்டைப் படித்தபின், எந்தெந்த வாதம் உண்டு, எது இல்லை, ஏன் இல்லை என்று இரண்டு பக்கமாவது தமிழில் எழுதிக் கைதிக்கு அனுப்ப வேண்டும். கட்டணத்தை ஆஜரான நாளுக்கு மட்டும் கொடுக்காமல் படித்ததற்கும் எழுதியதற்கும் கொடுக்க வேண்டும், மூத்த வக்கீல் கூசாமல் வாங்கக்கூடிய அளவுக்குக் கொடுக்க வேண்டும். 2024 அக்டோபரில் தீர்ப்பான சுஹாஸ் சக்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்ட உதவியோடு அப்பீல் செய்யும் உரிமை கைதிகளுக்குத் தெரிய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அந்த வழக்கின்போது நாட்டுச் சிறைகளில் அதை எடுத்துச் சொல்லிக் கேட்டபோது நூற்றுக்கணக்கானவர்கள் அப்பீல் செய்ய விரும்புவதாகச் சொன்னார்கள். அதுவரை அவர்களை யாரும் கேட்டிருக்கவில்லை.

நாகர்கோவிலிலும் பத்மநாபபுரத்திலும் தண்டனை வாசிக்கப்படும் ஒவ்வொரு வழக்கிலும், விசாரணையை நடத்திய சட்ட உதவி வக்கீல் கட்டோடு சேர்த்து ஒரு குறிப்பு எழுதி மதுரைக்கு அனுப்பட்டும். எந்தச் சாட்சியை எந்தப் பக்கத்தில் பார்க்க வேண்டும், எந்த ஆட்சேபணை நிராகரிக்கப்பட்டது, இவருக்குப் பள்ளிச் சான்றிதழ் இருக்கிறதா, வீட்டில் யாரை எந்த எண்ணில் கூப்பிடலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும், அடுத்த தீர்ப்பிலிருந்தே ஆரம்பிக்கலாம்.